காத்திருக்கத் தெரிந்த பணம்

(இளம் இசைக்கலைஞர்களின் வெளிநாட்டுக் கல்விக்கு நிதி திரட்டுவது குறித்து ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இளம் இசைக்கலைஞர்களை வெளிநாட்டுக்கு அனுப்பிப் படிக்கவைக்க ஒரு நிதி திரட்டுவது என்று இச்சங்கம் தீர்மானித்திருக்கிறது. அதையொட்டி ஏதாவது பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். நிதி திரட்டும் வித்தையை இந்தச் சங்கத்துக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆண்டு மலருக்கு விளம்பரம் பிடிப்பது, உதவிக் கச்சேரிக்கு வித்வானின் தேதி வாங்குவது, முன்வரிசை நாற்காலியை நன்கொடையாக மாற்றுவது, இதிலெல்லாம் நிர்வாகிகள் கைதேர்ந்தவர்கள். பணம் கைக்கு வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் என் பேச்சு.

அரிசிக் கடை வைப்பவனுக்கும் ஆஸ்பத்திரி கட்டுபவனுக்கும் போட்ட பணம் என்ன ஆயிற்று என்று இரண்டு மூன்று வருடத்தில் தெரிந்துவிடும். ஒரு பையனை வயலின் படிக்க அனுப்பியவனுக்குப் பத்து வருடமானாலும் தெரியாது. சில சமயம் அனுப்பியவன் காலத்துக்குள் தெரியாமலே போகும். ஆகையால் இந்த வகை நிதிக்குத் தொகையைவிடப் பொறுமை முக்கியம் என்பது என் கட்சி. அதை வெறும் உபதேசமாகச் சொல்லாமல், நூற்றெழுபது வருடங்களுக்கு முன் லண்டனில் தொடங்கிய ஒரு நிதியின் கதையாகச் சொல்கிறேன். மெண்டல்சோன் உதவித்தொகை என்று அதற்குப் பெயர்.

1. லைப்சிக்

கதை லண்டனில் நடந்தாலும் வேர் ஜெர்மனியில் இருக்கிறது. சாக்ஸனி நாட்டு லைப்சிக் நகரம் பாஹ் தன் கடைசி இருபத்தேழு ஆண்டுகளைக் கழித்த ஊர். 1835இல் இசையமைப்பாளர் பெலிக்ஸ் மெண்டல்சோன் அங்கே கெவாண்ட்ஹவுஸ் இசைக்குழுவுக்குத் தலைமை ஏற்க வந்தபோது அவருக்கு வயது 26. நல்ல இசைக்குழு இருந்தது, நல்ல ரசிகர்கள் இருந்தார்கள், நல்ல பள்ளிதான் இல்லை.

ஹைன்ரிஹ் ப்ளூம்னர் என்ற நீதிமன்ற அதிகாரி 1839இல் இறந்தார். கலைக்கோ அறிவியலுக்கோ ஏதாவது ஒரு நிறுவனத்துக்கு அரசரே பார்த்துச் செலவிடட்டும் என்று 20,000 தாலர் உயில் எழுதி வைத்திருந்தார். இந்த நிறுவனம், இந்தக் கட்டடம், இந்த வாசலில் என் பெயர்ப்பலகை என்ற நிபந்தனை எதுவும் அதில் இல்லை. அந்தத் தொகை இசைப் பள்ளிக்கு வரட்டும் என்று மெண்டல்சோன் அரசுக்கு எழுதினார், விடாமல் பின்தொடர்ந்தார், அரசரும் இசைந்தார். 1843 ஏப்ரல் 2 அன்று லைப்சிக் இசைக் கல்லூரி திறக்கப்பட்டது. முதல் ஆசிரியர்களில் ராபர்ட் ஷூமனும் ஒருவர். நிபந்தனையில்லாத ஓர் உயில் இல்லாவிட்டால் ஐரோப்பா முழுவதிலுமிருந்து மாணவர்களை இழுத்த அந்தக் கல்லூரி அப்போது வந்திருக்காது.

கல்லூரி வருவதற்கு முன்பே லண்டனிலிருந்து அங்கே ஒருவர் போய் வந்திருந்தார். வில்லியம் ஸ்டெர்ன்டேல் பென்னட், பியானோ கலைஞர், இருபது வயது. லண்டனில் இவர் வாசிப்பைக் கேட்ட மெண்டல்சோன் ஜெர்மனிக்கு வரச் சொன்னார். உங்களிடம் மாணவனாக வரலாமா என்று பென்னட் கேட்டபோது, நண்பனாக வா என்றாராம். அழைப்பு வந்துவிட்டது, வண்டிச் சத்தத்துக்குப் பணம்? லண்டனில் பியானோ செய்து விற்ற பிராட்வுட் நிறுவனம் கொடுத்தது. பென்னட் 1836இல் போய், ஷூமனோடு நட்பாகி, ஊர் திரும்பி ராயல் இசைக் கழகத்தில் பாடம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தார். பிராட்வுட் கொடுத்த பணம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று சற்று நேரத்தில் பார்ப்போம்.

2. மூன்று மாத மௌனம்

இந்த நிதிக்கு உயிர் கொடுத்தவர் ஒரு பாடகி. ஜென்னி லிண்ட், 1820இல் ஸ்டாக்ஹோமில் பிறந்தவர். பதினேழு வயதில் அரச நாடக அரங்கில் கதாநாயகியாகப் பாடத் தொடங்கினார். ஓயாத பாட்டு, சரியான குரல் பயிற்சி கிடையாது. இருபது வயதுக்குள் குரல் கெட்டுவிட்டது.

பாரிஸில் மானுவல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார் இருந்தார். (பின்னாளில் கண்ணாடி வைத்துத் தன் குரல்நாணைத் தானே பார்த்து, குரல்வளை மருத்துவத்துக்கே வழி காட்டியவர் இவர்.) அவரிடம் போக வேண்டுமானால் பணம் வேண்டும். லிண்ட் யாரிடமும் கையேந்தவில்லை. இருக்கிற குரலை வைத்துக்கொண்டு சுவீடனின் சிறு ஊர்களில் கச்சேரி செய்து காசு சேர்த்தார். 1841இல் பாரிஸ் போய்ச் சேர்ந்தார்.

கார்சியா பாடச் சொல்லிக் கேட்டார். குரல் தேய்ந்துவிட்டது, மூன்று மாதம் பாடாமல் இரு, அப்புறம் வா என்றார். நினைத்துப் பாருங்கள். பாடிச் சம்பாதித்த பணத்தில் பாட்டுப் படிக்க வந்த பெண். அந்நிய ஊர், தங்கும் செலவு நாள்தோறும் கரைகிறது. வாத்தியார் சொன்ன முதல் பாடம் வாயைத் திறக்காதே என்பது. லிண்ட் அப்படியே செய்தார். குரல் மீண்டது. அதற்குப் பிறகுதான் ஐரோப்பா அவரைக் கொண்டாடியது.

அந்த மூன்று மாதத்துக்கு ரசீது கிடையாது. எந்தக் கணக்குப் பிள்ளையிடமும் காட்ட முடியாது. 'மாணவி மூன்று மாதமாக வகுப்பில் எதுவும் செய்யவில்லை' என்றுதான் எழுத வேண்டியிருக்கும். ஒரு சங்கத்தின் பணத்தில் போயிருந்தால் இரண்டாம் மாதமே விளக்கம் கேட்டுக் கடிதம் போயிருக்குமோ என்னவோ.

3. எக்ஸெட்டர் மண்டபம், 1848

இங்கிலாந்தில் இசையும் தர்மமும் ஏற்கெனவே கைகோத்திருந்தன. பர்மிங்காமில் மூன்றாண்டுக்கு ஒருமுறை நடந்த இசைவிழாவின் வருமானம் அவ்வூர்ப் பொது மருத்துவமனைக்குப் போகும். அந்த விழாவுக்காகத்தான் மெண்டல்சோன் 'எலியா' என்ற ஓரட்டோரியோவை இயற்றினார். விவிலியத்து எலியா தீர்க்கதரிசியின் கதை. பெரும் பாடகர் குழு, வாத்தியக் குழு, தனிப் பாடகர்கள் எல்லாம் சேர்ந்து, ஆனால் நடிப்பும் வேடமும் இல்லாமல், பாடிக் காட்டுவது. 1846 ஆகஸ்ட் 26 அன்று பர்மிங்காம் டவுன்ஹாலில் முதல்முறை அரங்கேறியபோது எட்டு உருப்படிகளை ஜனங்கள் மறுபடி பாடச் சொல்லிக் கேட்டார்கள்.

'எலியா'வின் முதன்மைப் பெண்குரல் பகுதியை மெண்டல்சோன் ஜென்னி லிண்டின் குரலை மனத்தில் வைத்தே எழுதினார். ஆனால் அரங்கேற்றத்தில் லிண்ட் பாடவில்லை. மறு ஆண்டு நவம்பர் 4 அன்று மெண்டல்சோன் லைப்சிக்கில் காலமானார். வயது 38. தனக்காக எழுதப்பட்ட பகுதியைத் தன் வாயால் அவருக்குப் பாடிக் காட்டும் வாய்ப்பு லிண்டுக்குக் கிடைக்கவேயில்லை.

லண்டனில் மெண்டல்சோனின் நண்பர்கள் கூடினார்கள். சிலை வைக்கலாம், மண்டபம் எழுப்பலாம். அவர்கள் எடுத்த முடிவு, அவர் பெயரால் இளம் இசைக்கலைஞர்களைப் படிக்கவைப்பது, முடிந்தால் அவர் தொடங்கிய லைப்சிக் கல்லூரிக்கே அனுப்புவது. நிதிக்காக 1848 டிசம்பர் 15 அன்று லண்டன் எக்ஸெட்டர் மண்டபத்தில் 'எலியா' நிகழ்த்தப்பட்டது. ஸ்ட்ராண்ட் சாலையில் இருந்த அந்த மண்டபத்தில் நாலாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். அடிமை ஒழிப்பு மாநாடுகள் நடந்த இடமும் அதுதான். இறந்தவர் தனக்கென்று எழுதி வைத்த பாட்டை லிண்ட் அன்றைக்கு முதல்முறையாகப் பாடினார். வசூல் சுமார் 1,000 பவுண்டு.

நிகழ்ச்சி முடிந்து கணக்கும் பார்த்தாயிற்று. அடுத்த மாதமே ஒரு பையனைத் தேர்ந்தெடுத்து, மாலை போட்டு, கப்பலேற்றியிருந்தால் பத்திரிகையில் நல்ல செய்தி வந்திருக்கும். குழு அப்படிச் செய்யவில்லை. அன்றைய பிரிட்டிஷ் அரசுக் கடன்பத்திரத்தின் வட்டி நூற்றுக்கு மூன்று. அந்தக் கணக்கில் ஆயிரம் பவுண்டுக்கு வருடத்துக்கு முப்பதும் சொச்சமும்தான் வரும். அதை வைத்து ஒருவரை ஒழுங்காகப் படிக்கவைக்க முடியாது. அசலில் கைவைத்தால் இரண்டு மூன்று பேரோடு நிதி தீர்ந்துவிடும். விதைநெல்லை வடித்துச் சாப்பிட அவர்களுக்கு மனமில்லை. பணத்தை முதலீடு செய்து வளரவிட்டார்கள். முதல் மாணவனைத் தேர்ந்தெடுத்தது 1856இல். எட்டு வருடம் சும்மா இருந்தார்கள். அந்த எட்டு வருடத்தில் 'வசூலித்த பணம் எங்கே?' என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்று சங்கம் நடத்துகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

4. பதினான்கு வயதுப் பையன்

1856இல் போட்டி வைத்தார்கள். பதினேழு பேர் வந்தார்கள். ஆகச் சிறியவனும் ஆக மூத்தவனும் சமமாக நின்றார்கள். சிறியவன் ஆர்தர் சல்லிவன், வயது 14. மூத்தவர் ஜோசப் பார்ன்பி, பதினெட்டை நெருங்கிக்கொண்டிருந்தவர். இருவருக்கும் மறுபடி ஒரு தேர்வு வைத்ததில் சல்லிவன் வென்றான்.

சல்லிவனின் தந்தை ராணுவ பாண்டு வாத்தியக்காரர். கிளாரினெட் வாசித்தும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தும் குடும்பம் நடத்தியவர். பையன் அரச தேவாலயத்துச் சிறுவர் குழுவில் பாடிக்கொண்டிருந்தான். லைப்சிக் என்பது அந்த வீட்டுக்கு எட்டாத பேச்சு.

தோற்றவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பார்ன்பி பிற்காலத்தில் ராயல் ஆல்பர்ட் மண்டபப் பாடகர் குழுவை நடத்தினார், கில்டுஹால் இசைப் பள்ளியின் முதல்வரானார், சர் பட்டமும் பெற்றார். தேர்வுக் குழுவில் உட்காரப்போகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். உங்களால் ஒருவருக்கு வழி திறக்க முடியும். இன்னொருவருடைய வழியை அடைக்கும் அளவுக்கு உங்களுக்குச் சக்தி கிடையாது.

முதல் ஆண்டில் பையனை வெளிநாட்டுக்கு அனுப்பவில்லை. உள்ளூரில் ராயல் இசைக் கழகத்தில் சேர்த்தார்கள். பாடம் சொன்னவர்களில் ஒருவர் நாம் முன்பே பார்த்த பென்னட். பிராட்வுட் இருபது வருடம் முன்பு கொடுத்த பணம் இங்கே வந்து சேர்கிறது. லைப்சிக் எப்படிப்பட்ட ஊர், அங்கே என்ன காதில் விழும் என்று நேரில் கண்ட ஒருவர் உள்ளூரிலேயே கிடைத்தார். உதவித்தொகை ஓராண்டுக்கானது. குழு இரண்டாம் ஆண்டும் நீட்டித்தது. 1858இல் மூன்றாம் ஆண்டுக்கும் நீட்டித்து, லைப்சிக்குக்கு அனுப்பிவைத்தது. அப்போது அவருக்கு வயது 16.

அங்கே மோஷெலஸிடம் பியானோ, ஹவுப்ட்மனிடம் எதிரிசை, ரைட்ஸிடம் இயற்றுமுறை. அதே ஆண்டுகளில் நார்வேயிலிருந்து வந்து அதே கல்லூரியில் படித்தவர் எட்வர்ட் கிரீக். ஷூபர்ட், ஷூமன், வாக்னர் என்று லண்டனில் அரிதாகக் கேட்ட இசையெல்லாம் காதில் விழுந்தது. ஒருநாள் யூதர்களின் தொழுகைக் கூடத்துக்குப் போனார். அங்கே கேட்ட பாட்டின் போக்கு மனத்தில் தங்கி, முப்பது வருடம் கழித்து 'ஐவன்ஹோ' என்ற ஓபராவில் வெளிவந்தது. எந்தப் பாடத்திட்டத்தில் இதை எழுதுவது?

ஒரு வருடத்துக்கென்று போனவர் மூன்று வருடம் தங்கினார். கடைசி ஆண்டில் கல்லூரி கட்டணத்தை விட்டுக்கொடுத்தது. சாப்பாட்டுக்கும் அறைக்கும் தந்தை எங்கெங்கோ புரட்டி அனுப்பினார். இந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

1861இல் ஷேக்ஸ்பியரின் 'டெம்பஸ்ட்' நாடகத்துக்கு இயற்றிய இசையோடு படிப்பை முடித்து ஊர் திரும்பினார். 1862 ஏப்ரலில் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் அது நிகழ்த்தப்பட்டது. அடுத்த வாரமே மறுபடி வைக்க வேண்டியதாயிற்று. இருபது வயதுகூட நிறையாத பையன் ஒரே வாரத்தில் லண்டன் முழுக்கப் பேசும் பெயரானான். வசூல் நடந்து பதின்மூன்று வருடங்களுக்குப் பிறகு பலன் முதல்முறையாகக் கண்ணுக்குத் தெரிந்தது.

5. தூசி படிந்த அலமாரி

பலன் அதோடு நிற்கவில்லை. கிரிஸ்டல் பேலஸின் செயலாளர் ஜார்ஜ் குரோவ். கலங்கரை விளக்கம் கட்டிய பொறியாளர், இசைப் பைத்தியம், பின்னாளில் ஆங்கிலத்தின் பெரிய இசை அகராதியைத் தொகுத்தவர். இவருக்கும் சல்லிவனுக்கும் நெருங்கிய நட்பு ஏற்பட்டது. 1867இல் இருவரும் ஷூபர்ட்டின் கையெழுத்துப் படிகளைத் தேடி வியன்னாவுக்குப் போனார்கள். ஷூபர்ட் இறந்து முப்பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது. 'ரோஸமுண்டே' என்ற நாடகத்துக்கு அவர் எழுதிய இசையின் பகுதிகள் கிடைக்காமல் இருந்தன.

ஷூபர்ட்டின் உறவினர் வீடொன்றின் அலமாரியில் ஒரு கட்டு கிடைத்தது. ஏறக்குறைய அரை நூற்றாண்டுத் தூசி. 1823இல் நாடகம் நடந்தபின் கட்டி வைத்ததை யாரும் அவிழ்க்கவில்லை. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக எழுதிய தாள்கள். இரவு இரண்டு மணி தாண்டும்வரை உட்கார்ந்து படியெடுத்தார்கள். எழுதி முடித்ததும் சந்தோஷம் தாங்காமல், நாற்பத்தேழு வயது குரோவும் இருபத்தைந்து வயது சல்லிவனும் பச்சைக்குதிரை தாண்டி விளையாடினார்கள். குரோவே இதை எழுதி வைத்திருக்கிறார்.

லைப்சிக்கில் ஷூபர்ட்டைக் கேட்டு வளர்ந்த காது இல்லாவிட்டால் அந்தப் பயணத்துக்குச் சல்லிவன் துணையாகியிருப்பாரா? 'எலியா' கேட்க நுழைவுச்சீட்டு வாங்கிய லண்டன்வாசி ஒருவர், தன் பணம் வியன்னாவில் ஓர் அலமாரியைத் திறக்கும் என்று நினைத்திருக்க முடியுமா?

6. கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று

குழு சல்லிவனிடம் எதிர்பார்த்தது இன்னொரு மெண்டல்சோன். சிம்பொனி எழுதுவார், ஓரட்டோரியோ எழுதுவார், இங்கிலாந்தின் மானத்தைக் காப்பாற்றுவார் என்று. அவர் சிம்பொனியும் எழுதினார், ஓரட்டோரியோவும் எழுதினார். ஆனால் உலகம் அவரை நினைவு வைத்திருப்பது நாடகாசிரியர் கில்பர்ட்டோடு சேர்ந்து செய்த நகைச்சுவை ஓபராக்களுக்காக. 1878இல் 'பினபோர்', 1885இல் 'மிகாடோ'. 'மிகாடோ' முதல் ஓட்டத்திலேயே 672 காட்சிகள். சர் பட்டம் வாங்கிய ஒருவர் இப்படிக் கேளிக்கை நாடகத்துக்கு மெட்டுப் போடலாமா என்று விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள்.

அந்தக் கேளிக்கை மெட்டுகளை உற்றுக் கேட்டால் லைப்சிக் தெரியும். இரண்டு வெவ்வேறு பாட்டுகளைத் தனித்தனியே பாடவைத்துவிட்டு, பிறகு ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துப் பாடவைப்பார். இடறாமல் பொருந்தும். ஹவுப்ட்மனிடம் படித்த எதிரிசைப் பாடம் அது. கோயிலுக்கென்று கற்ற கணக்கைச் சிரிப்பு நாடகத்துக்குச் செலவழித்தார். பணம் கொடுத்தவர்கள் கேட்டது இதில்லை. கிடைத்தது குறைவானதுமில்லை.

அடுத்து வந்தவர்களும் ஒவ்வொரு தினுசு. 1879இல் மாட் வலெரி ஒயிட் தேர்வானார். இந்த உதவித்தொகையைப் பெற்ற முதல் பெண். இரண்டு ஆண்டுக்குள் உடல்நலம் கெட்டு, தொகையைத் துறந்துவிட்டு, தேறி வருவதற்காகத் தென் அமெரிக்காவில் சிலி நாட்டுக்குப் போனார். கணக்குப்படி பார்த்தால் அரைகுறை. அந்தக் காலத்து இங்கிலாந்தின் வரவேற்பறைகளில் அவர் பாட்டுகள் பாடப்படாத இடமில்லை என்பது வேறு கணக்கு.

1881இல் யூஜின் டி ஆல்பர்ட். கிளாஸ்கோவில் பிறந்து, லண்டனில் தேசிய இசைப் பயிற்சிப் பள்ளியில் படித்தவர். அந்தப் பள்ளியின் முதல் முதல்வர் வேறு யாருமல்ல, சல்லிவன். டி ஆல்பர்ட்டுக்கு அவரே பாடமும் சொன்னார். பையன் வியன்னா போனார், வைமரில் லிஸ்ட்டின் சீடரானார், ஐரோப்பாவின் முன்னணிப் பியானோக் கலைஞரானார். இங்கிலாந்தில் வாழத் திரும்பி வரவேயில்லை. வராதது மட்டுமில்லை, இங்கிலாந்தில் படித்த படிப்பு ஒன்றுக்கும் ஆகவில்லை என்ற பொருளில் ஜெர்மன் பத்திரிகையில் எழுதினார். முதல் உலகப் போரில் ஜெர்மனி பக்கம் நின்றார்.

லண்டன்காரர்களுக்கு எப்படி எரிந்திருக்கும்! 'இனிமேல் திரும்பி வருவேன் என்று பத்திரம் எழுதிக் கொடுத்தால்தான் பணம்' என்று விதி போட இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. ஆனால் நிதி டி ஆல்பர்ட்டோடு முடங்கவில்லை, மூன்று வருடத்தில் மரீ வூர்மைத் தேர்ந்தெடுத்தது. அவர் பிராங்பர்ட்டில் கிளாரா ஷூமனிடம் படித்தார். டி ஆல்பர்ட் எழுதிய 'டீஃப்லாண்ட்' ஓபரா இன்றும் மேடையில் உயிரோடு இருக்கிறது. அதைக் கேட்கிறவர்கள் எந்த நாட்டுப் பணத்தில் அவர் படித்தார் என்று விசாரித்துவிட்டுக் கேட்பதில்லை.

7. திரும்பி வருவதன் அர்த்தம்

இங்கிலாந்துக்குத் திரும்பி வந்தது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். 1883இல் லண்டனில் ராயல் இசைக் கல்லூரி திறந்தது. இயக்குநர் ஜார்ஜ் குரோவ். குரலிசைப் பேராசிரியர் ஜென்னி லிண்ட். தொடக்கத்தில் போட்டித் தேர்வில் எடுக்கப்பட்ட ஐம்பது பேருக்குக் கட்டணம் கிடையாது. அவர்களில் ஆலையில் வேலை செய்த பெண் ஒருத்தி, கொல்லர் மகன் ஒருவன், பண்ணைக் கூலியின் மகன் ஒருவன் எல்லாம் இருந்தார்கள். பையன்களை ஜெர்மனிக்கு அனுப்பப் பாடியவர், முப்பத்தைந்து வருடம் கழித்து, ஜெர்மனிக்குப் போகாமலே படிக்கும்படியான கல்லூரியில் வந்து உட்கார்ந்தார். வெளிநாட்டுப் படிப்புக்கான நிதி ஒழுங்காக வேலை செய்தால் உள்ளூரில் பள்ளி வர வேண்டும்.

வேறு நாட்டுக் கதை ஒன்று. ஆர்மீனியத் துறவி கோமிதாஸ் 1896இல் பெர்லினுக்குப் போனார். செலவை ஏற்றவர் காக்கசஸ் பகுதி எண்ணெய் வணிகர் மந்தாஷெவ். மூன்று வருடம் ஐரோப்பிய இசை இலக்கணத்தைப் படித்துவிட்டு ஊருக்கு வந்தவர், கிராமம் கிராமமாக நடந்து உழவர் பாட்டையும் தாலாட்டையும் குறித்து வைத்தார். 1915இல் ஆர்மீனியர் இனப்படுகொலையில் அந்தக் கிராமங்களும் மனிதர்களும் அழிக்கப்பட்டபோது, கோமிதாஸின் தாள்களில் இருந்த பாட்டுகள் மிஞ்சின. அவரையும் பிடித்துக்கொண்டு போனார்கள், உயிர் தப்பினாலும் மனம் உடைந்தது. பெர்லினில் அவர் படித்தது தன் ஊர்ப் பாட்டைப் பிசகாமல் எழுதும் திறம்.

நம் பக்கமும் இந்தப் பாதை உண்டு, அதுவும் இரண்டு திசையிலும். 1958இல் புல்லாங்குழல் கலைஞர் தி. விஸ்வநாதன் அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் உதவியில் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனார். 1964இல் அதே ஃபுல்பிரைட் உதவி ஓர் அமெரிக்க இளைஞரைச் சென்னைக்கு அனுப்பியது. விஸ்வநாதனிடம் பாட்டுப் படித்த அவரை, ஜான் ஹிக்கின்ஸ் என்ற பெயரை மறந்து, நம் ரசிகர்கள் ஹிக்கின்ஸ் பாகவதர் என்றார்கள். அமெரிக்க வரிப்பணம் கர்நாடக சங்கீதத்துக்குச் செலவானது பற்றி அந்த நாட்டில் யாரும் ரசீது கேட்டதாகத் தெரியவில்லை.

8. இனி நம் கணக்கு

இப்போது இச்சங்கத்தின் வேலைக்கு வருவோம்.

பெரும்பாலான நன்கொடையாளர்கள் 'கல்விக் கட்டணம்' கட்டவே ஆசைப்படுகிறார்கள். கல்லூரியின் பெயர், ரசீது, புகைப்படம் எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஆனால் இசைக் கல்விக்கு உலகின் சிறந்த இடங்கள் சிலவற்றில் கட்டணமே கிடையாது. அமெரிக்காவில் பிலடெல்பியாவின் கர்ட்டிஸ் கல்லூரி 1928 முதல் எந்த மாணவரிடமும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. ஒரு பெண்மணி வைத்த பெரிய அறக்கட்டளை அதைத் தாங்குகிறது. ஜெர்மனியின் அரசு இசைக் கல்லூரிகள் பலவற்றில் வெளிநாட்டு மாணவருக்கும் கட்டணம் இல்லை. 

கட்டணம் இல்லையென்றால் தடை எது? சாப்பாடும் அறையும். சல்லிவனின் தந்தை திண்டாடிய அதே இடம். ஜெர்மன் விசாவுக்கு மாணவர் ஓராண்டுச் செலவை வங்கியில் முன்கூட்டியே முடக்கிக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் நிர்ணயித்த தொகை 11,904 யூரோ. நம் பணத்தில் பத்து லட்சத்துக்கு மேல். இதோடு மொழிப் படிப்பு, நேரில் போய் எழுதும் நுழைவுத் தேர்வு, முதல்முறை இடம் கிடைக்காவிட்டால் இரண்டாம் முறை. மாணவர் தடுக்கி விழுவது இங்கேதான். நன்கொடைப் புத்தகத்தில் இதற்கெல்லாம் தலைப்பே இருப்பதில்லை.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். வைப்பு வட்டி நூற்றுக்கு ஆறரை என்றால், ஒரே ஒருவருக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் தர அசல் ஒன்றரைக் கோடிக்கு மேல் வேண்டும். ஒரு கச்சேரியில் அது வராது, லண்டனிலும் வரவில்லை. அதனால் என் முதல் வேண்டுகோள், முதல் சில ஆண்டுகளுக்கு யாரையும் அனுப்பாதீர்கள். நம் சபாக்களில் எத்தனையோ அறக்கட்டளைப் பரிசுகள் வைத்த காலத்தில் ஒரு தம்புரா வாங்கப் போதுமானதாக இருந்து, இன்று தம்புராவுக்குத் தந்தி வாங்கவே சரியாகப் போகிறது. வட்டி முழுவதையும் வருடா வருடம் செலவழித்ததன் விளைவு அது. வட்டியில் ஒரு பகுதி அசலோடு சேர்ந்துகொண்டே இருக்க வேண்டும் என்று விதியிலேயே எழுதிவிடுங்கள்.

இரண்டாவது, பெறுபவரை ஓராண்டு உள்ளூரிலேயே பாருங்கள். நல்ல ஆசிரியரிடம் விடுங்கள், மொழி படிக்க வையுங்கள். சல்லிவனின் குழு இரண்டு வருடம் பார்த்தது. மூன்றாவது, நீட்டிக்கும் அதிகாரத்தை நிர்வாகக் குழு கையில் வைத்திருங்கள். ஓராண்டு என்று அறிவித்துவிட்டு, தேவைப்பட்டால் மூன்றாண்டு கொடுக்கும் தெம்பு நிதிக்கு வேண்டும். ஐந்து பேருக்கு ஓராண்டு என்பதைவிட ஒருவருக்கு ஐந்தாண்டு என்று நான் சொல்வேன். ஆண்டறிக்கையில் ஐந்து புகைப்படம் போடலாம் என்பதுதான் முன்னதன் லாபம்.

நான்காவது, திரும்பி வரும் பத்திரம் எழுதி வாங்காதீர்கள். உடல்நலம் கெட்டு நின்றுபோனால் பணத்தைத் திருப்பிக் கேட்காதீர்கள். வயலின் படிக்கப் போனவர் திரைப்பட இசை அமைத்தால் முகம் சுளிக்காதீர்கள். எக்ஸெட்டர் மண்டபக் கச்சேரி நடந்து சரியாக நூறு வருடம் கழித்து, 1948இல், மெண்டல்சோன் உதவித்தொகை பெற்றவர் மால்கம் ஆர்னால்டு. இசைக்குழுவில் டிரம்பெட் வாசித்துக்கொண்டிருந்தவர், வேலையை விட்டு ஓராண்டு இத்தாலியில் இருந்தார். ஒன்பது சிம்பொனி எழுதினார். இலங்கையில் கித்துல்கலையில் படமாக்கிய 'பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' படத்துக்கு இசையமைத்து ஆஸ்கரும் வாங்கினார்.

இடையில் 1936இல் நாஜிகள் லைப்சிக்கில் மெண்டல்சோன் சிலையை இரவோடு இரவாக இடித்தார்கள், யூதக் குலத்தில் பிறந்தவர் என்பதற்காக. சிலை மறுபடி நிற்க 2008 ஆயிற்று. சிலை இல்லாத அந்தக் காலத்திலும் அவர் பெயரால் பையன்கள் படித்துக்கொண்டிருந்தார்கள் என்பதை நன்கொடையாளர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

நிர்வாகிகளுக்குக் கடைசியாக ஒன்று. இந்த நிதியின் முதல் ஆண்டறிக்கையில் 'இவ்வாண்டு எவரும் தேர்வு செய்யப்படவில்லை, நிதி வளர்ந்துவருகிறது' என்று அச்சிட வேண்டியிருக்கும். இரண்டாம் ஆண்டும் அதே வாக்கியம், மூன்றாம் ஆண்டும் அதே வாக்கியம். பொதுக்குழுவில் யாராவது எழுந்து கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். அப்போது கணக்குப் புத்தகத்தை விரித்துக் காட்டிவிட்டு, அதே வாக்கியத்தை நான்காம் ஆண்டும் அச்சிடும் துணிச்சல் உங்களுக்கு இருக்குமானால், இந்த நிதிக்கு நானும் என்னால் ஆனதைத் தருகிறேன்.